யாருக்கும் வேண்டாத எல்வுட் க்ரம்

பெல்டன் ஊர்ப் பையன்கள் ஒருவருக்கும் எல்வுட் க்ரம்மைப் பிடிக்காது. பாவம், அவர் யாருக்கும் ஒரு கெடுதலும் செய்ததில்லை. அவர் மட்டையைச் சுழற்றினால் பந்தில் படாது, அவ்வளவுதான்.

அந்த வருஷம் வசந்த காலத்தில் வந்த, ஆட்டக்காரர்களின் படம் போட்ட பேஸ்பால் அட்டைப் பொட்டலங்களில் எதைப் பிரித்தாலும் க்ரம் இருப்பார். உள்ளே ஒரு துண்டு இளஞ்சிவப்பு சூயிங்கம், ஐந்து அட்டைகள். அந்த ஐந்தில் ஒன்று க்ரம். "ஐயோ, மறுபடியும் க்ரம்டா!" என்று கடை வாசலிலேயே தலையில் அடித்துக்கொள்வார்கள். பிறகு அவரைத் துணி கிளிப்பால் சைக்கிள் சக்கரத்தில் மாட்டிவிடுவார்கள். சக்கரம் சுற்றச் சுற்ற, கம்பிகள் அட்டையில் பட்டு மோட்டார் சைக்கிள் மாதிரி 'டர்ர்ர்' என்று சத்தம் வரும். 1964-ஆம் வருஷக் கோடை முழுவதும் தெருத்தெருவாக க்ரம் கதறிக்கொண்டிருந்தார்.

லோர்னா ஹுடாக் மட்டும் என்ன, பெரிய நல்லவளா? அவளும் தன் பங்குக்கு மூன்று க்ரம்களைத் தன் சைக்கிளில் மாட்டித் தீர்த்துக்கட்டியவள்தான். 'நாலாவது வராமலா போகும்?' என்று நினைத்தாள்.

நாலாவது வரவே இல்லை.

ஆகஸ்ட் கடைசி வாரம். வைக்கோல் கிடங்குக்குப் பின்னால் இருந்த காலி மனையில், சாக்குத் துண்டுகளைத் தளங்களாகப் போட்டுப் பையன்கள் பேஸ்பால் ஆடிக்கொண்டிருந்தார்கள். வேலிக்கு வெளியே போகிற பந்துகளை லோர்னா ஓடி ஓடி எடுத்துப் போட்டாள். கோடை முழுவதும் அவளுக்கு அதுதான் வேலை. பந்து எடுக்க அவள் வேண்டும், ஆட மட்டும் வேண்டாம்!

"டுவேன், உங்க டீம்ல ஒரு ஆள் குறையுதுல்ல? இரண்டாவது தளத்துக்கும் மூணாவது தளத்துக்கும் நடுவுல நிக்க ஆள் இல்லையே. நான் நிக்கிறேன்" என்றாள்.

டுவேன் ப்ரூயிட்தான் தலைவன். பன்னிரண்டு வயது. சனிக்கிழமை மேட்டுத்தெருப் பையன்களோடு கடைசி ஆட்டம். அந்த இடத்தில் நின்ற பையன் போன வாரம்தான் ஊர் மாறிப் போயிருந்தான்.

"நீயா? என் சித்தி பையன் வரான், அவன் நிப்பான்."

"அவன் பந்து வந்தா கண்ணை மூடிக்குவான்!"

பையன்கள் சிரித்தார்கள். டுவேனுக்கு முகம் சிவந்துவிட்டது. "சரி, ஒண்ணு சொல்றேன். இந்த வருஷத்து அட்டை செட்டு, முந்நூத்தி அறுபதும், சனிக்கிழமை காலையில இங்க கொண்டு வந்து காட்டு. இடம் உனக்குத்தான். நாங்க எட்டு பேர் சேர்ந்தும் முடியல. உன்னால முடியுதான்னு பாப்போம்."

"முந்நூத்தி ஐம்பத்தொன்பது இருக்கு" என்றாள் லோர்னா.

சிரிப்பு சட்டென்று நின்றது.

"எது இல்ல?"

"இருநூத்திப் பதினேழு. எல்வுட் க்ரம்."

டுவேன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவன் சைக்கிளிலேயே ஒரு க்ரம் தொங்கிக்கொண்டிருந்தார், பாதி முகம் கிழிந்து, நாராக. "வேணும்னா இதை எடுத்துக்கோ! ஆனா கேட்டுக்கோ, நாலு மூலையும் இருக்கணும். கிழிசல் செல்லாது."

"பாத்துக்கலாம்" என்றாள் லோர்னா. சொல்லிவிட்டாளே தவிர, உள்ளுக்குள் திக்கென்றுதான் இருந்தது.

அன்றைக்கே, அட்டை விற்கும் பால்கோ அம்மாளின் கடைக்கு ஓடினாள்.

"வசந்த காலத்துப் பொட்டலமா? அது மே மாசமே தீர்ந்து போச்சே, கண்ணு. இப்ப வர்றது கடைசி வரிசை. ஒரு தடவை வந்து போன வரிசையை மறுபடி அனுப்ப மாட்டாங்க."

விடுவாளா லோர்னா? இரண்டு நாள் ஊரையே சலித்தாள். நாற்பத்து மூன்று சைக்கிள்களைக் குனிந்து பார்த்தாள். பெரிய பையன்கள் இருக்கிற வீட்டுக் கதவுகளையெல்லாம் தட்டினாள். பதினொரு க்ரம்கள் கிடைத்தார்கள். ஒருவருக்குக்கூட நாலு மூலை இல்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் பக்கத்து வீட்டு மைலோ தகவல் சொன்னான். மைலோவுக்கு ஆறு வயது.

"என்கிட்ட க்ரம் இருக்காரே!"

லோர்னா வேலியைத் தாண்டிக் குதித்தாள். மைலோ வீட்டுச் சமையலறை மேசையில், பால் பாட்டில்மேல் சாய்ந்தபடி நின்றுகொண்டிருந்தார் எல்வுட் க்ரம். நாலு மூலையும் கத்தி மாதிரி இருந்தன. கிழிசல் இல்லை, ஒரு கறைகூட இல்லை. மைலோ தினமும் காலையில் அவரைப் பார்த்துக்கொண்டுதான் சாப்பிடுவானாம்.

"மைலோ, இதுக்குப் பதிலா பத்து அட்டை தரேன். இல்ல, இருபது! எல்லாம் பெரிய பெரிய ஆட்டக்காரங்க."

மைலோ 'மாட்டேன்' என்று தலையை ஆட்டினான். "பாரு, இவருக்குக் காது என்னை மாதிரியே இருக்கு."

உண்மைதான். தொப்பிக்கு இரண்டு பக்கமும் க்ரம்மின் காதுகள் கதவு திறந்த மாதிரி விரிந்து நின்றன. மைலோவுடையதும் அப்படியே. அதற்காகத்தான் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் அவனைக் கேலி செய்தார்கள்.

"இந்த மாதிரி காது இருக்கிற வேற ஆளைக் குடு. அப்ப தரேன்" என்றான் மைலோ.

லோர்னா வீட்டுக்கு ஓடி, அட்டைகள் வைத்திருந்த செருப்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். இருவரும் தரையில் உட்கார்ந்து முந்நூற்று ஐம்பத்தொன்பது பேரின் காதுகளையும் பார்த்தார்கள். ம்ஹும். அத்தனை பேரில் ஒருவருக்கும் அந்தக் காது இல்லை.

அந்த நேரம் பார்த்து டுவேன் ஜன்னலில் எட்டிப் பார்த்தான். "சின்னப் பையன்தானே? ராத்திரி தூங்கட்டும், லபக்குன்னு எடுத்துட்டுப் போ. காலையில அழுதுட்டு மறந்துடுவான்."

மைலோ அட்டையைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டான். அவன் உதடு துடித்தது.

"போடா வெளியே!" என்று லோர்னா கத்தின கத்தலில் டுவேன் ஜன்னலிலிருந்து காணாமலே போனான். அவளுக்கு அட்டை வேண்டும்தான், ரொம்ப வேண்டும். ஆனால் இந்தப் பயலை அழவைத்துவிட்டு மைதானத்தில் போய் எப்படி நிற்பது?

"பயப்படாதே மைலோ. அது உன்னோடது."

கொஞ்ச நேரம் கழித்து மைலோ அட்டையை மறுபடியும் வெளியே எடுத்தான். "பின்னாடி என்னமோ எழுதியிருக்கு. எனக்குப் படிக்க வராது. படிச்சுக் காட்டுறியா?"

லோர்னா படித்தாள். உயரம், எடை, அடித்த ரன்கள். ரன்களைக் கொஞ்சம் வேகமாகப் படித்துத் தாண்டினாள். கடைசி வரியை மட்டும் இரண்டு தடவை படித்தாள்.

"'ஆட்டம் இல்லாத மாதங்களில் எல்வுட், ராக்ஃபெர்ரியில் வீடுகளைச் சூடாக்கும் கொதிகலன்களைப் பழுதுபார்க்கிறார்.'"

"ராக்ஃபெர்ரி எங்க இருக்கு?"

"அடுத்த ஊர்! பஸ்ல அரை மணி நேரம்!" லோர்னா துள்ளி எழுந்தாள். "ஜூன் மாசமே அவரை டீம்ல இருந்து எடுத்துட்டாங்கன்னு பையன்க பேசிக்கிட்டாங்க. அப்படின்னா அவர் இப்ப வீட்லதான் இருப்பார். மைலோ, நாளைக்கு நீயும் வர்றியா?"

மறுநாள் இரண்டு வீட்டு அம்மாக்களிடமும் அனுமதி வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. "நாலு மணி பஸ்ல திரும்பிடணும். அவன் கையை விடாதே" என்று லோர்னாவின் அம்மா மூன்று தடவை சொன்னாள்.

ராக்ஃபெர்ரியில் கொதிகலன் கடையைக் கண்டுபிடிப்பது சுலபமாக இருந்தது. உள்ளே ஒரு பெரிய இரும்புக் கொதிகலனுக்குப் பின்னாலிருந்து முதலில் இரண்டு காதுகள் வெளியே வந்தன. பிறகுதான் ஆள் வந்தார்.

"என்ன பிள்ளைங்களா? வீட்ல கொதிகலன் ஓடலையா?"

"நீங்க எல்வுட் க்ரம்தானே?" என்றாள் லோர்னா.

அவர் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார். "ஆமா. யாராவது திட்டிட்டு வரச் சொல்லி அனுப்பினாங்களா?"

மைலோ ஒரு அடி முன்னால் வந்தான். தொப்பியைக் கழற்றி, தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக் காட்டினான். க்ரம் பார்த்தார், தானும் தொப்பியைக் கழற்றினார், அதே மாதிரி திருப்பிக் காட்டினார். இருவரும் சிரித்துவிட்டார்கள்.

லோர்னா எல்லாவற்றையும் சொன்னாள். சைக்கிளில் மாட்டிய மூன்று க்ரம்களைப் பற்றியும் சொன்னாள். அதை மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"அடடா" என்றார் க்ரம். "என்னைத் தேடிக்கிட்டு ஊர் விட்டு ஊர் வந்த முதல் ஆளுங்க நீங்கதான். ஆனா என்கிட்ட ஒண்ணுகூட இல்லையே, பொண்ணு. ஒரு பெட்டி நிறைய இருந்துச்சு. இந்தத் தெருப் பசங்க கேட்டாங்க, குடுத்துட்டேன். எல்லாம் சக்கரத்துல சுத்துது."

இவ்வளவு தூரம் வந்தும் இல்லையா? அழுதுவிடக் கூடாது என்று லோர்னா வேலை மேசையை வெறித்துப் பார்த்தாள். கடையின் தரை ஒரு பக்கம் நன்றாகச் சரிந்திருந்தது. ஆனால் மேசை ஆடாமல் நின்றது. எப்படி?

குனிந்து பார்த்தாள். மேசைக் காலுக்கு அடியில் ஒரு நீலநிற ஓரம் எட்டிப் பார்த்தது. முந்நூற்று ஐம்பத்தொன்பது அட்டைகளின் ஓரத்தைப் பார்த்துப் பழகிய கண் அது. தப்புமா?

"மிஸ்டர் க்ரம், இது என்ன?"

அவருடைய காதுகள் இரண்டும் தக்காளியாகச் சிவந்தன. "அது... மேசை ஆடிச்சு."

"உங்களையே நீங்க மேசைக்கு முட்டுக் குடுத்துட்டீங்களா!"

"மட்டை பிடிச்சப்பதான் யாருக்கும் உதவல. மேசையையாவது தாங்கட்டுமேன்னு..."

மைலோ விழுந்து விழுந்து சிரித்தான். க்ரம் மேசையைத் தூக்க, லோர்னா கையை விட்டு இழுத்தாள். ஐந்து அட்டைகள்! மேலே இருந்த இரண்டும் எண்ணெயில் ஊறியிருந்தன. கீழே இருந்த இரண்டும் தரையோடு ஒட்டிப் பிய்ந்துவிட்டன. நடுவில் இருந்த க்ரம் மட்டும் லேசான ஒரு வட்டத் தடத்தோடு, நாலு மூலையும் முழுசாக, புன்னகைத்துக்கொண்டிருந்தார்.

லோர்னா அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டாள். க்ரம் மேசைக்கு ஒரு மரத்துண்டைத் தேடி எடுத்தார்.

"ஆமா, நாளைக்கு ஆட்டம் எத்தனை மணிக்கு?" என்று கேட்டார்.

சனிக்கிழமை காலை பத்து மணி. டுவேன் காலி மனையில் குந்தி உட்கார்ந்து ஒவ்வொரு அட்டையாக எண்ணினான். இருநூற்றுப் பதினேழு வந்ததும் அதை வெயிலில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இதுல வட்டமா ஏதோ தடம் இருக்கு!"

"நீ சொன்னது நாலு மூலை. எண்ணிக்கோ."

எட்டுப் பையன்களும் குனிந்து எண்ணினார்கள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு.

"சொன்னா சொன்னதுதான், டுவேன்" என்றான் ஒருவன். "அவளை ஆட விடு."

"உனக்கு எங்கடி கிடைச்சுது இது?" என்றான் டுவேன்.

லோர்னா வாயைத் திறப்பதற்குள் வேலிக்கு வெளியே ஒரு பழைய வேன் வந்து நின்றது. அதன் பக்கத்தில் 'க்ரம் கொதிகலன் பழுது' என்று பெரிதாக எழுதியிருந்தது. உயரமான ஒருவர் இறங்கினார். புல்லில் உட்கார்ந்திருந்த மைலோ, "இங்க வாங்க! உங்களுக்கு இடம் பிடிச்சு வெச்சிருக்கேன்!" என்று கத்தினான்.

பையன்கள் வாயைப் பிளந்தார்கள். அந்தக் காதுகளைத் தெரியாதவர்கள் அந்த ஊரில் யார்?

"வணக்கம், பசங்களா" என்றார் எல்வுட் க்ரம்.

டுவேன் மட்டும் மெதுவாகப் பின்னால் நகர்ந்தான். தன் சைக்கிளை ஓசைப்படாமல் மரத்துக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனான். அங்கே குந்தி உட்கார்ந்து, சக்கரத்திலிருந்து எதையோ அவசர அவசரமாகக் கழற்றினான்.

லோர்னா அதைப் பார்த்தாள். பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டாள். கையுறையை மாட்டிக்கொண்டு இரண்டாவது தளத்துக்கும் மூன்றாவது தளத்துக்கும் நடுவே போய் நின்றாள்.

"சீக்கிரம் வா, டுவேன்! ஆட்டம் ஆரம்பிக்கணும்!"