காவலனின் நான்காவது வசனம்

செமாராங் நகரின் பழைய துறைமுகப் பகுதியில் கடல் ஏறிவரும் நாட்களில் தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கும். நிங் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, டச்சுக்காரர் காலத்துக் கிடங்கின் மரப்படிகளில் ஏறியபோது மணி ஒன்பது இருபது. மாடியில் பதினான்கு மேசைகள், மேசைக்கு ஒரு கேம் டெமோ; போட்டியின் நடுவர் அவள். ஒவ்வொன்றுக்கும் இருபது நிமிடம். ஐந்து மணிக்குள் எல்லா மதிப்பெண் தாள்களும் அமைப்பாளர் ஹெந்தரிடம் போய்ச் சேர வேண்டும்.

நண்பகலுக்குள் அவளுக்குத் தலை வலித்தது. முதல் டெமோவில் வாளை உருவுவதற்கு முன் ஓர் அரசனின் வம்சக் கதையைப் பதினொரு பக்கம் படிக்க வேண்டியிருந்தது. மூன்றாவதில் திரை கறுத்து, கறுத்தபடியே நின்றது. ஆறாவதில் நாயகன் அசையவே இல்லை.

"நடக்கிறதுக்கு எந்தப் பொத்தான்னு எங்கேயாவது எழுதியிருக்கீங்களா?"

"அதைக் கண்டுபிடிக்கிறதுதான் அக்கா கேமே."

நிங் பேனா மூடியைக் கடித்துக்கொண்டாள். ஹெந்தர் அவள் முன்னால் பொரித்த லும்பியாச் சுருள்கள் இருந்த ஒரு தட்டை நகர்த்தினார்.

"லும்பியா சாப்பிடு. பசியோட மார்க் போட்டா எல்லாருக்கும் முட்டைதான்."

"சாப்பிட்டுப் போட்டாலும் முட்டைதான் அண்ணே."

பதிமூன்றாம் மேசைக்கு அவள் வந்தது மூன்றரைக்கு. சோலோ ஊரிலிருந்து வந்த லாரஸ் என்ற பெண் தனியாக உட்கார்ந்திருந்தாள். கூட்டாளிக்குக் காய்ச்சலாம். கல்லூரியிலிருந்து ஓராண்டு விடுப்பு எடுத்து இதைச் செய்திருக்கிறாள்.

"இதுல தேறலேன்னா திங்கட்கிழமையில இருந்து மாமாவோட பாத்திக் சாயத்துணிக் கடையில துணி மடிக்கணும். வீட்ல பேசி முடிச்சாச்சு."

"அதையெல்லாம் நடுவர்கிட்ட சொல்லக் கூடாது."

"சரி அக்கா. நீங்க கேக்கலைன்னே வச்சுக்குங்க."

திரையில் பனி மூடிய மலையூர். புல் அசைவது தெரிந்தது. எந்தப் பொத்தான் எதற்கு என்று முதல் பலகையிலேயே எழுதியிருந்தது. அன்றைக்கு முதன்முறையாக நிங் கடிகாரத்தை மறந்தாள். கோயிலுக்கு அடியில் படிகள் இறங்கின. கடைசிப் படியில் திரை ஒரு கணம் மங்கி, அவளை ஓர் அறைக்குள் விட்டது.

நான்கு கற்சுவர்கள். கதவு இல்லை.

ஒரு வாயிற்காவலன் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தான்.

லாரஸின் குரல் இறங்கியது. "அக்கா, இவனை நாங்க வைக்கல. நேத்து வரைக்கும் இல்ல. எல்லா ஃபைலையும் மூணு தடவை தேடிட்டேன். இவன் பேரே இல்ல."

நிங் இடது மூலையில், கூரையிலிருந்து இறங்கும் விரிசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதை வரைந்தது அவள்.

"இந்த அறை ஏது உனக்கு?"

"உங்க மோட்ல இருந்ததுதான். யாரும் எடுத்துக்கலாம்னு போட்டிருந்தீங்களே. புதுசா கட்ட நேரமில்ல. காலி அறைதானேன்னு நகல் எடுத்துக்கிட்டோம்."

காலி அறை.

ஐந்தாண்டுகளுக்கு முன் நிங்கும் அவள் நண்பன் பகஸும் சேர்ந்து, பழைய மாயாஜாலக் கேம் ஒன்றுக்குள் தாங்களே ஒரு மலையூரைக் கட்டிப் புகுத்தினார்கள். இப்படி ரசிகர்கள் சேர்க்கும் பகுதிக்கு மோட் என்று பெயர்; அதை ஆயிரக்கணக்கானோர் விளையாடினார்கள். ஊர் வாயிலில் நின்ற காவலனுக்குக் குரல் கொடுத்தவன் பகஸ். மொத்தம் மூன்று வசனங்கள். பிறகு யார் பெயர் முதலில் வருவது என்று ஒரு சண்டை. அவனுடைய வேலை எதுவும் தன் மோடில் இருக்கக் கூடாதென்று நிங் முடிவு செய்தாள். ஆனால் அந்தத் தொழிலில் ஒரு பாத்திரத்தை அழித்துவிடக் கூடாது. பாதியில் சேமித்து வைத்திருக்கிறவர்களின் கேம்கள் எல்லாம் அவனைத் தேடி, காணாமல் நின்றுபோகும். அதனால் வேண்டாதவர்களுக்கென்று நிலப்படத்துக்குக் கீழே கதவில்லாத ஓர் அறை கட்டி, அதில் நிறுத்திவைப்பார்கள். காவலனை அவளும் அப்படித்தான் நிறுத்தினாள்.

'என்னை எங்கே வைத்திருக்கிறாய்?' என்று பகஸ் ஒருமுறை செய்தி அனுப்பினான். அவள் பதில் போடவில்லை. எட்டு மாதம் கழித்து டெமாக் சாலையில் ஒரு லாரி மோதி அவன் செத்துப்போனான்.

பகஸ் பிடிக்கும் கிராம்பு சிகரெட்டின் வாசனை வந்தது. அந்த மாடியில் யாரும் புகைப்பதில்லை.

"நில். யார் அங்கே?" என்றான் காவலன், சுவரைப் பார்த்தபடியே.

முதல் வசனம்.

"மழை வரும்போல இருக்கிறது."

இரண்டாவது.

"இருட்டினால் வாசல் அடைபடும்."

மூன்றாவது. அத்தோடு முடிந்தது. அதற்கு மேல் பகஸ் எதுவும் பதிவு செய்யவில்லை. ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டிருந்தது அவள்தான்.

காவலன் திரும்பினான்.

"நிங். கதவ எங்க வச்ச?"

லாரஸ் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினாள். "அக்கா, இவனுக்கு உங்க பேரு எப்படி..."

ஹெந்தர் வந்து நின்றார். "என்ன இன்னும் பதிமூணுலயே நிக்கிற? குழுவுக்கே தெரியாத ஆளு உள்ள இருந்தா, எங்கேயோ சுட்டதுன்னு அர்த்தம். விதி இருக்கு. சைபர் போட்டுட்டு எந்திரி."

தாளில் ஒரு வட்டம் போட்டால் முடிந்துவிடும். இந்தப் பெண் திங்கட்கிழமை துணி மடிப்பாள். அறை மறுபடியும் மூடிக்கொள்ளும்.

"கேமைத் திருத்துற எடிட்டரத் திற," என்றாள் நிங் லாரஸிடம்.

"நடுவர் கைவைக்கக் கூடாது நிங். அடுத்த வருஷம் உன்னைக் கூப்பிட மாட்டாங்க."

"கூப்பிட வேண்டாம்."

மரக்கதவு ஒன்றைத் தேர்ந்து, விரிசலுக்குப் பக்கத்தில் வைத்தாள். அவசரத்தில் அது சற்றுக் கோணலாக உட்கார்ந்தது. சேமித்தாள். ஓடவிட்டாள்.

அறையில் யாருமில்லை. கதவு திறந்து கிடந்தது.

அவள் தாளில் எழுதினாள்: 'பிழை போட்டியாளருடையது அல்ல. அறையும் அதில் இருந்தவனும் என்னுடையவை.' கீழே கையெழுத்திட்டு, எல்லாக் கட்டங்களிலும் மதிப்பெண் நிரப்பினாள். லாரஸ் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பதினான்காம் டெமோ ஓடவே இல்லை. நிங் அதன்மேல் எரிச்சல்படக்கூட மறந்துபோனாள்.

ஆறு மணிக்கு இருட்டத் தொடங்கியபோது போட்டியாளர்கள் எல்லோரும் இறங்கிப் போயிருந்தார்கள். ஹெந்தர் ஒவ்வொரு மேசையாகச் சென்று கம்பிகளைப் பிடுங்கிச் சுருட்டினார். பதிமூன்றாம் மேசையிலிருந்து பிடுங்கிய மின்கம்பி அவர் கையில் இருந்தது. திரை கறுப்பாக இருந்தது.

அந்தக் கணினியின் ஒலிபெருக்கி சொன்னது:

"இருட்டினால் வாசல் அடைபடும்."

ஹெந்தர் கையிலிருந்த கம்பியைப் பார்த்தார். பிறகு நிங்கைப் பார்த்தார்.

கீழே, தண்ணீரில் யாரோ நிதானமாக நடக்கும் சத்தம் கேட்டது. கிராம்பு வாசனை படிக்கட்டு வழியாக மேலே வந்தது.

"வாட்ச்மேனா?" என்று கிசுகிசுத்தார் ஹெந்தர்.

"அவர் நாலு மணிக்கே போயிட்டார் அண்ணே."

கிடங்கின் பெரிய கதவு கிறீச்சிட்டுச் சாத்திக்கொண்டது.

பிறகு தாழ்ப்பாள் விழுந்தது. உள்பக்கமிருந்து.