மூன்று மணிச் சத்தம்

மத்தியானம் இரண்டு மணிக்கு ஐந்து மாடி ஏறி வந்ததில் அவளுக்கு மூச்சு வாங்கியது. லிஃப்ட் ஓடவில்லை. கம்ப்யூட்டர் கெட்டுப்போகிற வீட்டில் லிஃப்ட்டும் கெட்டுத்தான் கிடக்கும் என்பது அவளுடைய பத்து வருட அனுபவம்.

கதவைத் திறந்த பெரியவர் அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "மெக்கானிக் வருவார்னு சொன்னாங்களே..."

"நான்தான் சார் அந்த வருவார்."

அவர் சிரிக்கவில்லை. அவளுடைய விரல்களைப் பார்த்தார். பத்து நகத்துக்கும் பத்துக் கலர். காலையில் ஆறு வயது மகள் உட்கார வைத்துப் பூசிவிட்டது. "நாலு மணிக்கு ஸ்கூல் கேட்ல நிக்கணும்" என்று சத்தியமும் வாங்கியிருந்தாள். போன வாரம் கால் மணி நேரம் தாமதமானதில், பிள்ளை அம்மாவைத் தேடிக்கொண்டு பெரிய சாலையைத் தனியாகக் கடந்துவிட்டாள். லாரிக்காரன் ஒருவன் திட்டிக்கொண்டே கொண்டுவந்து விட்டான்.

"பையனோட கம்ப்யூட்டர். பையன் இப்ப இல்லை. பதினாலு மாசமாச்சு" என்றார் பெரியவர். "நான் அதை அணைக்கிறதில்லை. இப்ப சூடாகி அதுவே நின்னு போகுது."

அறைச் சுவர் முழுக்கக் கறுப்புப் பஞ்சுப் பலகை. ஜன்னலிலும் பஞ்சு. விளையாடும்போது கத்துவது அக்கம்பக்கத்துக்குக் கேட்கக் கூடாதென்று மகனே ஒட்டியதாம். கதவின் உட்பக்கம் கைப்பிடி இல்லை, வெறும் ஓட்டை. பெரியவர் மர ஸ்டூல் ஒன்றை எடுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்தார்.

"இதை மட்டும் நகர்த்தாதம்மா. அப்புறம், மூணு மணிக்கு ஏதாவது சத்தம் கேட்டா கண்டுக்காத. தினம் வர்றதுதான்."

ஃபேன் சத்தத்தைச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டாள். திரையில் ஒரு போர்வீரன் கல் அறைக்குள் நின்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். அவள் அணைத்தபோது பெரியவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கிராபிக்ஸ் கார்டைக் கழற்றினாள். தூசி அதிகமில்லை. சூட்டைக் கடத்துகிற பேஸ்ட்தான் காய்ந்து சுண்ணாம்பாக உதிர்ந்தது. கூலரைப் பிடித்திருந்த நான்கு குட்டித் திருகாணிகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "பேஸ்ட் வண்டியில இருக்கு, எடுத்துட்டு வர்றேன் சார்" என்று சொல்லிவிட்டுக் கீழே போனாள். திரும்பி வந்தபோது சமையலறையில் குழாய்ச் சத்தம் கேட்டது. அவரை எதற்குத் தொந்தரவு செய்ய வேண்டும் என்று நேரே அறைக்குள் நுழைந்தாள்.

அந்த மரியாதைதான் வினையாக முடிந்தது.

கார்டைக் கையில் எடுத்தவள் வெடுக்கென்று கீழே போட்டாள். சுட்டது. மின்சாரத்தைப் பிடுங்கி அரை மணி நேரமாகிறது. ஆறிச் சில்லிட்டிருக்க வேண்டிய பொருள் அடுப்பிலிருந்து இறக்கினது மாதிரி கொதித்தது.

பின்னால் ஸ்டூல் இழுபடுகிற சத்தம்.

"சார்?"

டக்.

திரும்பினாள். கதவு சாத்தியிருந்தது. ஸ்டூல் கதவருகே இல்லை. மேசைக்கு முன்னால், யாரோ உட்கார்ந்து விளையாடத் தோதாகப் போடப்பட்டிருந்தது.

ஓட்டையில் விரலை விட்டுப் பார்த்தாள். திருப்புளியைத் திணித்துப் பார்த்தாள். ஒன்றும் அசையவில்லை. போனை எடுத்தால், 'அதிகச் சூடு' என்று ஒரு வரி காட்டிவிட்டுக் கறுத்துப்போனது. கடைசியாகப் பார்த்த நேரம் மூன்று மணி மூன்று நிமிடம்.

"சார்! கதவைத் திறங்க! உள்ள மாட்டிக்கிட்டேன்!"

பஞ்சு அவள் குரலை அப்படியே விழுங்கியது. தட்டினாள், உதைத்தாள். கடைசியில் கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ மெதுவாகத் தரையில் உட்காருகிற அரவம் கேட்டது.

அப்பாடா என்றிருந்தது.

"கத்தாத கண்ணா" என்றது பெரியவரின் குரல். "கொஞ்ச நேரம்தான். அப்பா இங்கதான் இருக்கேன்."

"நான் மெக்கானிக் சார்! நான்தான்!"

"அன்னைக்கும் இப்படித்தான் கத்தினே. கேம்லதான் கத்துறேன்னு நினைச்சுட்டேன்டா. ஏசி நின்னுபோனது எனக்கு எப்படிடா தெரியும்? கைப்பிடி லூசா இருக்குப்பான்னு சொன்னே. நாளைக்குப் பாக்கலாம்னேன்." அவர் விசும்பினார். "முதல் மாசம் ஓடி ஓடித் திறந்து பாத்தேன். ஒரு தடவைகூட நீ உள்ள இல்லையேடா."

தினமும் கேட்கிற கூச்சல். தினமும் திறக்காத கதவு. கத்தினால் மகன் என்று நினைப்பார். சும்மா இருந்தால் சத்தம் அடங்கிவிட்டதென்று எழுந்து போய்விடுவார். வேர்வை கண்ணுக்குள் வழிந்தது. இழுக்கிற மூச்சுகூடச் சுட்டது. நாலு மணிக்குப் பிள்ளை கேட்டில் நிற்பாள், அம்மாவைக் காணோமென்று மறுபடி சாலையில் இறங்குவாள்.

"கடவுளே, இன்னைக்கு வேண்டாம்" என்று வாய்விட்டு அழுதாள்.

பக்கத்தில் யாரோ சேர்ந்து அழுதார்கள்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. தரையில் குப்புற விழுந்து, கதவடியில் ஒட்டியிருந்த பஞ்சுப் பட்டையைப் பிய்த்தாள். அது ஏற்கெனவே பாதி பிய்ந்திருந்தது. அதற்கு மேலே மரத்தில் வரி வரியாக நகக் கீறல். இடது கையால் வாயைப் பொத்திக்கொண்டு வலது கை விரல்களை இடுக்கில் நுழைத்துத் துழாவினாள். வெதுவெதுப்பான ஓர் உள்ளங்கை தட்டுப்பட்டது.

வெளியே விசும்பல் நின்றது.

கதவு திறந்தது.

அவள் தவழ்ந்தே கூடத்துக்கு வந்து விழுந்தாள். போன உயிர் திரும்பி வந்தது. சுவர்க் கடிகாரத்தில் மூன்று நாற்பது.

"மன்னிச்சிடும்மா... நீ கீழ போனவ வரவே இல்லைன்னு நினைச்சேன். கலர் நகத்தைப் பாத்ததும்தான்..." பெரியவர் அவள் விரல்களையே பார்த்தார். "ஆனா அந்த இன்னொரு கை யாரோடதும்மா?"

"எந்தக் கை?"

"உன் விரலுக்குப் பக்கத்துலயே நீட்டிட்டு இருந்துச்சே. நகமெல்லாம் பிஞ்சு போய்..."

அவர்கள் முதுகுக்குப் பின்னால், டக்கென்று கதவு சாத்திக்கொண்டது.

பெரியவர் மண்டியிட்டுக் கதவடி இடுக்கில் கையை வைத்தார். கொஞ்ச நேரத்தில் அவர் முகம் என்னவோபோல் ஆனது. "நீ போம்மா" என்றார். "பிடிச்சுக்கிட்டான்."

பையையும் திருப்புளியையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடினாள். மணி அடிக்கும்போது கேட்டில் நின்றாள். மகளைக் கட்டிக்கொண்டு அழுத அழுகையில் காவலாளியே பயந்துபோனார்.

மறுநாள் காலை மனசு கேட்காமல் அவருக்குப் போன் போட்டாள்.

"நல்லா இருக்கேம்மா" என்றார். குரலில் அப்படி ஒரு சந்தோஷம். "கம்ப்யூட்டர் சூப்பரா ஓடுது. சூடே இல்லை. நல்லா சரி பண்ணிட்டே."

பேஸ்ட்டை அவள் பிரிக்கவே இல்லை. கார்டைத் திரும்ப மாட்டவும் இல்லை. நேற்றுப் போட்டிருந்த சட்டையை எடுத்துப் பைக்குள் கை விட்டாள். நான்கு திருகாணிகளும் இருந்தன. தொட முடியாத சூடு.

போனில் அவருக்குப் பின்னால் ஓர் இளைஞன் உற்சாகமாகக் கத்திக்கொண்டிருந்தான்.

"சார்... அது என்ன சத்தம்?"

"அதுவா? ஒண்ணுமில்லைம்மா" என்றார் பெரியவர். "கேம்லதான் கத்துறான்."