பார்க்காத பத்து நிமிடம்

போதும், நிறுத்திவிடுங்கள் என்று டாக்டர் போனில் சொல்லிவிட்ட பிறகு, இதயத் துடிப்பு காட்டும் மெஷினின் திரையில் நேராக ஓடிக்கொண்டிருந்த கோட்டில் ஒரு சின்ன மேடு எழுந்து அடங்கியது.

தெருவில் ஏதாவது லாரி போயிருக்கும் என்று நினைத்தான், ஆம்புலன்ஸில் வந்திருந்த மருத்துவ உதவியாளன். தரை அதிர்ந்து வயர் ஆடினால்கூட இப்படி ஒரு கோணல் விழும். கட்டிலிலிருந்து தரைக்கு இறக்கிக் கிடத்தியிருந்த பெரியவரின் கழுத்தில் இரண்டு விரல்களை வைத்துப் பார்த்தான். ஒன்றுமில்லை. வெளியே நல்ல வெயில், ஆனால் பெரியவர் பகலில் தூங்குவதற்காக இழுத்து மூடியிருந்த கெட்டியான திரைச்சீலை அறையைப் பழுப்பாக்கி வைத்திருந்தது. வலித்தைலத்தின் வாசனையும், உடைத்துப் போட்ட அட்ரினலின் குப்பிகளின் மருந்து நெடியும், ஷாக் கொடுத்த இடத்தில் நெஞ்சுமயிர் பொசுங்கிய நாற்றமும் மின்விசிறிக் காற்றில் சுற்றிச் சுற்றி அவன் முகத்துக்கே வந்தன.

"தம்பி, நான் போய் ஸ்ட்ரெச்சர் எடுத்துட்டு வரேன்" என்றார் ஆம்புலன்ஸ் டிரைவர், சட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே. அவனோடு மாறி மாறி நெஞ்சை அழுத்தியதில் அவருக்கு மூச்சு வாங்கியது. "லிஃப்டுக்கும் ஹார்ட் அட்டாக் போல. நாலு மாடியும் படிதான்."

"மெதுவா வாங்கண்ணே. எப்படியும் பத்து நிமிஷம் பாக்கணும்."

டிரைவர் வாசலில் நின்றார். "ரூல்ஸ மனப்பாடம் பண்ணிட்டியா? முன்னாடியெல்லாம் இப்படி இல்லியே நீ" என்று சிரித்தபடி சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

விதி அப்படித்தான். கையை எடுத்த பிறகும் வயர்களைக் கழற்றாமல் பத்து நிமிடம் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எப்போதாவது, எங்கேயோ ஒருவருக்கு, எல்லோரும் கைவிட்ட பிறகு இதயம் தானாகவே துடிக்கத் தொடங்கும். பயிற்சியில் இதைச் சொன்னபோது, "செத்தவனுக்கு கிரேஸ் டைமா சார்?" என்று கேட்டு வகுப்பையே சிரிக்கவைத்தவன் அவன்தான்.

நான்கு மாதத்துக்கு முன் வண்டிக்கு வந்த ஓர் அழைப்பில் அவன் வீட்டு முகவரி இருந்தது.

அவன் மனைவிக்கு முப்பதுகூட ஆகவில்லை. அழுத்தினான். டிரைவர் அழுத்தினார். "விலகுங்க" என்று அவனே கத்தி, அவனே ஷாக் பட்டனை அழுத்தினான். கடைசியில் இதே டாக்டர், இதே போதும். கதறிக்கொண்டிருந்த அத்தையைப் பிடித்துக்கொள்ள டிரைவர் ஹாலுக்கு ஓடினார். படுக்கையறையில் அவனும் அவளும் அந்தக் கோடும் மட்டும். கோட்டை அவனால் பார்க்க முடியவில்லை. உடனே மெஷினை அணைத்தான். வயர்களைப் பிடுங்கினான். போர்வையை அவள் முகத்துக்கு மேல் இழுத்துவிட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டான்.

யாரிடமும் சொல்லவில்லை. அத்தை இன்றைக்கும் வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார்: "கடைசி வரைக்கும் எங்க மாப்ளதான் பாத்துக்கிட்டே இருந்தாரு. எம்பொண்ணு அந்த மட்டுல குடுத்து வச்சவ." அவன் தலையாட்டுவான். ஒவ்வொரு முறையும்.

திரையில் இன்னொரு மேடு.

ஹாலில் பெரியவரின் மருமகள் போனில் கணவனிடம் பேசிக்கொண்டிருந்தது கேட்டது. "இல்லங்க... முடிஞ்சிருச்சுங்க... பதறாம வண்டி ஓட்டிட்டு வாங்க." பிறகு அவளே வந்து கதவருகே நின்றாள். உள்ளே வரவில்லை.

"மெஷின் இன்னும் ஓடுதே. மாமாவுக்கு உயிர் இருக்கா?"

"இல்லம்மா. கொஞ்ச நேரம் வச்சுப் பாக்கணும். அவ்வளவுதான்."

"முடிஞ்சிருச்சுன்னு அவர்கிட்ட சொல்லிட்டேனே."

"சரிதாம்மா. முடிஞ்சிருச்சு."

அவன் அதைச் சொன்ன அதே நேரத்தில் திரை டிக் என்றது. அவள் திரும்பிப் போய்விட்டாள். அவளுக்குக் கேட்கவில்லை போலும்.

டிக். டிக். டிக். ஒரு நிறுத்தம். பிறகு பலமாக ஒரு டிக்.

பெரியவரின் கழுத்தை மீண்டும் தொட்டான். தொடையிடுக்கிலும் நாடி தேடினான். ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைத்து மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டான். உள்ளே, ஆள் இல்லாத வீட்டில் கதவைத் திறந்தால் வருமே, அந்த அமைதி. திரையில் மட்டும் மூன்று துடிப்பு, ஒரு நிறுத்தம், பலமாக ஒன்று.

அந்தத் தாளம் அவனுக்குத் தெரியும்.

கல்யாணமான புதிதில் ஸ்டெதஸ்கோப்பை அவள் நெஞ்சில் வைத்து விளையாடியபோது கேட்டது. பயப்பட ஒன்றுமில்லை, சிலருக்கு அப்படித்தான் என்று பெரிய டாக்டரே சொல்லியிருந்தார். "உன் ஹார்ட்டுக்கு எண்ணத் தெரியல" என்று கிண்டல் செய்தான். "நடுவுல உங்கள நெனச்சுக்குது, அதான் நிக்குது" என்றாள்.

வயரைப் பிடித்தான். வலது தோளிலிருந்து ஒன்று. இடது தோளிலிருந்து ஒன்று. இடது விலாவிலிருந்து ஒன்று. தோலில் பதித்திருந்த ஒட்டிகளோடு சேர்த்துப் பிய்த்துக் கட்டில் பக்கம் எறிந்தான். வயர் கழன்றால் இந்த மெஷின் கூச்சல் போடும். போடவில்லை.

டிக். டிக். டிக்.

கை தானாகவே சுவிட்சுக்குப் போனது. அணைத்தால் நின்றுவிடும். அன்றைக்கும் அப்படித்தான் நினைத்தான். கையை இழுத்து முட்டிக்குக் கீழே வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டான்.

"பாக்குறேன்" என்றான், ரொம்ப மெதுவாக. "பாத்துக்கிட்டுதான் இருக்கேன்."

துடிப்பு வேகம் பிடித்தது. நிறுத்தங்கள் காணாமல் போயின. இப்படி ஓடும் இதயங்களை அவன் நிறையப் பார்த்திருக்கிறான். காற்று கிடைக்காதவர்களின் இதயம். முகத்தில் எதையாவது போட்டு மூடினால் இப்படித்தான் ஓடும்.

பத்து நிமிடம் ஆகியிருக்கும். ஓடியது. அதற்கு மேலும் ஆனது. ஓடியது. அன்று வேறு வண்டி வந்து அவளை ஏற்றிக்கொள்ளவே வெகுநேரம் ஆயிற்று. பிறகு பிணவறை. இரும்புப் பெட்டியைத் தள்ளி மூடிய சத்தம்.

அதற்குள்ளும் ஓடியதா?

டிக்டிக்டிக்டிக்.

எப்போது நின்றது? திரை சொல்லவில்லை. நிற்கவே இல்லை.

"என்ன தம்பி, இன்னுமா?" ஸ்ட்ரெச்சரை வாசலில் சாய்த்துவிட்டு டிரைவர் உள்ளே வந்தார். குனிந்து திரையைப் பார்த்தார். "கோடுதான ஓடுது."

"அணைக்காதீங்கண்ணே."

"வயர வேற கழட்டிப் போட்டுட்ட. எதத்தான் பாக்குற?" அவர் குரல் இறங்கியது. அவன் தோளில் கை வைத்தார். "போதும்ப்பா. நீ வண்டில போய் உக்காரு. நான் பாத்துக்கறேன்."

"அண்ணே, வேணாம்."

அவர் விரல் சுவிட்சுக்குப் போனது. பிடித்துத் தடுக்க வேண்டும். முட்டிக்கு அடியில் கை மரத்துப்போயிருந்தது. கை வரவில்லை.

திரை இருண்டது. டிக் நின்றது.

டிரைவர் அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஸ்ட்ரெச்சரின் வார்களை அவிழ்த்தார். "வா, காலப் பிடி" என்றார்.

அவன் கட்டில் பக்கம் பார்த்தான்.

எறிந்த வயர்கள் தரையில் இல்லை. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், காலி இடத்தில், மூன்று ஒட்டிகளும் நின்றுகொண்டிருந்தன. மேலே இரண்டு, படுத்திருக்கும் ஒல்லியான ஒரு பெண்ணின் தோள் அகலம் விட்டு. கீழே ஒன்று, இடது விலா இருக்கவேண்டிய இடத்தில்.

மூன்றும் சேர்ந்து ஏறின. இறங்கின.

ஏறின. இறங்கின. அவசரமாக.