பெரிய ஓட்டலின் ஜன்னல்

அந்தத் தங்க நிறப் பட்டை பிள்ளையின் கைக்கு எப்படி வந்ததென்று ஷோபாவுக்குப் புரியவில்லை.

ராட்டினமும் தண்ணீர் விளையாட்டுமாக இருக்கிற அந்தப் பார்க்கில் ஒரு வழக்கம். எந்த ஓட்டலில் ரூம் எடுத்திருக்கிறோமோ அந்த நிறத்தில் மணிக்கட்டைச் சுற்றி ஒரு காகிதப் பட்டை ஒட்டிவிடுவார்கள். கேட்டுக்கு வெளியே இருக்கிற சின்ன லாட்ஜுக்கு மஞ்சள், உள்ளே இருக்கிற நடுத்தர ஓட்டலுக்கு நீலம், அலைக்குளத்தைப் பார்த்து நிற்கிற பெரிய ஓட்டலுக்குத் தங்க நிறம். ஒட்டினால் ஒட்டினதுதான், கத்தரிக்கோல் வைத்தால்தான் வரும். காலையில் மூன்று பேருக்கும் மஞ்சள்தான் ஒட்டினார்கள், அவள் பக்கத்தில் நின்று பார்த்தாள். இப்போது பார்க் மூடி, விளக்கு வைக்கிற நேரத்தில் லாட்ஜுக்குத் திரும்பி ஷ்ரேயாஸின் ஈரச் சட்டையை உருவினால், மஞ்சள் பட்டைக்கு மேலே இன்னொன்று, தங்க நிறத்தில், தொளதொளவென்று தொங்குகிறது.

"யாருடா இதைப் போட்டது?"

"அக்கா" என்றான். நாலரை வயசுப் பிள்ளை. செருப்பு வாரைப் பிய்ப்பதிலேயே குறியாக இருந்தான்.

"எந்த அக்கா?"

"நம்ம போட்டோ அக்கா."

ஷோபாவின் கை அப்படியே நின்றுவிட்டது. வீட்டில் மாலை போட்ட போட்டோ ஒன்றுதான் இருக்கிறது.

ரவிக்குமார் வந்து பார்த்தார். லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிற மனுஷன், எதையும் கழற்றிப் பார்த்தால்தான் அவருக்கு நிம்மதி. பட்டையை இழுத்தார், சுலபமாக வந்துவிட்டது. ஏதாவது ஒரு பொண்ணு விளையாட்டுக்கு மாட்டி விட்டிருக்கும், எல்லாவற்றையும் மனசில் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே என்று சொல்லி அதைக் கண்ணாடி மேஜை மேல் வைத்தார். ரோட்டோரக் கடையில் சப்பாத்தி பார்சல் வாங்கி வருகிறேன், பிள்ளையைத் தனியாக விடாதே என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். சொல்லும்போது அவர் பட்டையைப் பார்க்கவில்லை. ஒன்பது வயசுப் பொண்ணின் கை அளவு அது என்று அவருக்கும் தெரிந்திருக்கும்.

மூத்தவள் மமதாவுக்கு ஒன்பது வயசு. மேலே போகவே இல்லை, அதோடு நின்றுவிட்டது.

ஜோகுபாளையத்து வீட்டில் அந்தப் பொண்ணு போர்வைக்குள் அம்மாவின் போனை எடுத்துப் போய் இந்த மூன்று ஓட்டலையும்தான் பார்த்துக்கொண்டிருக்கும். எந்த ஓட்டலில் அடுக்குக் கட்டில், எங்கே காலையில் தோசை கிடைக்கும், எந்த ஜன்னலில் நின்றால் ராட்டினம் தெரியும், எல்லாம் மனப்பாடம். "படுத்துத் தூங்கத்தானே, சின்ன லாட்ஜ் போதும்" என்பாள் ஷோபா. நடுத்தரமாக ஒன்று பார்க்கலாம் என்பார் ரவிக்குமார். பெரிய ஓட்டல்தான், ஒரே ஒரு ராத்திரி, என்று மமதா ஒற்றைக் காலில் நிற்கும். அம்மாவும் அப்பாவும் மாற்றி மாற்றிப் பேசி, லீவு மேல் லீவு போய், ஒவ்வொரு தடவையும் பேச்சு ஒரே இடத்தில் வந்து முடியும்: நாளைக்குப் பார்த்துக்கலாம். இந்தப் பாழாய்ப்போன நாளைக்கு இருக்கிறதே, அது ஒரு வீட்டுக்குள் நுழைந்துவிட்டால் லேசில் கிளம்பாது.

முந்தின வருஷம் மழைக்காலத்தில் டெங்கு வந்தது. வெறும் காய்ச்சல்தானே என்று முதலில் தெருமுனை நர்சிங் ஹோமில் சேர்த்தார்கள். பெரிய ஆஸ்பத்திரியா, நடுத்தர ஆஸ்பத்திரியா என்று வராந்தாவில் நின்று இவர்கள் பேசிக்கொண்டிருந்தபோது, பத்துக் கட்டில் போட்ட வார்டில் அந்தப் பிள்ளை கண்ணைத் திறந்து சுற்றுமுற்றும் பார்த்தது. "அம்மா, இதான் சின்ன ஓட்டலா?" என்று கேட்டது. ஜுர வேகம். ஷோபா போர்வையைச் சரிசெய்தாள். ஆமாம் கண்ணு, என்றாள். "பெரிய ஓட்டலுக்கு எப்ப போறது?" என்று கேட்டது. நாளைக்கு, என்றாள். உன்னைக் கூட்டிக்கொண்டு போகிறேன், நாம ரெண்டு பேரும் போகிறோம் என்று தலையில் கை வைத்துச் சொன்னாள்.

மறுநாள் காலையில் நெற்றி ஜில்லென்று இருந்தது. "காய்ச்சல் விட்டுடுச்சுங்க" என்று வராந்தாவில் ஓடினாள், வழியில் போன ஆயாவிடம்கூடச் சொன்னாள். டெங்குவில் காய்ச்சல் விடுகிற நேரம்தான் பொல்லாத நேரம் என்று அவளுக்கு யார் சொல்லியிருந்தார்கள்? மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்துபோனது.

கருமாதி முடிந்த அன்று பக்கத்து வீட்டு அம்புஜம் அக்கா சாக்பீஸ் எடுத்து வந்து ஷோபா வீட்டுக் கதவில் 'நாளே பா' என்று கன்னடத்தில் எழுதினாள். "பொழுது சாயறப்ப புள்ள குரல்ல கூப்பிடும். திறந்துடாதே. நாளைக்கு வான்னு சொல்லு. போயிடும். மறுநாள் வந்தா மறுபடி அதையே சொல்லு. இந்த ஊர்ல காலங்காலமா இப்படித்தான்" என்றாள். நல்ல மனசில்தான் சொன்னாள். ஷோபா அன்றைக்கே ஈரத்துணியால் அதைத் துடைத்துப் போட்டாள். உயிரோடு இருந்தபோது அந்தப் பிள்ளையிடம் சொன்னது போதாதா, செத்த பிறகும் சொல்ல வேண்டுமா என்று அழுதாள்.

இப்போதுகூட ஷ்ரேயாஸுக்காகத்தான் வந்தார்கள். எந்த ஓட்டல் என்று ரவிக்குமார் கேட்டபோது சின்ன லாட்ஜே போதும் என்று பிடிவாதமாகச் சொன்னது ஷோபாதான். மமதா இல்லாமல் பெரிய ஓட்டல் வாசலை மிதிக்க அவளால் ஆகாது.

லாட்ஜ் ரூமில் பினாயில் வாசனையும், எத்தனையோ பேர் தலை வைத்த தலையணையின் எண்ணெய் வாசனையும், வெளியே நாள் பூராவும் வெயிலில் காய்ந்து இப்போது ஆறுகிற சிமெண்டின் வாசனையும் கலந்து கிடந்தது. பார்க்கில் மெஷின்கள் ஒவ்வொன்றாக நிற்கிற சத்தம் கேட்டது. பெரிய ராட்டினம் கடைசியாக ஒரு நீளமான கிரீச்சோடு நின்றபோது, அதுவரை அந்த இரைச்சலுக்கு அடியில் அமுங்கிக் கிடந்த ஏதோ ஒன்று மேலே வந்ததுபோல அவளுக்கு இருந்தது. ஷ்ரேயாஸ் கட்டிலில் குப்புறப் படுத்து அரைத் தூக்கத்தில் காலை ஆட்டிக்கொண்டிருந்தான். திரைச்சீலையை இழுத்துவிடலாம் என்று அவள் ஜன்னலுக்குப் போனாள்.

மதிலுக்கு அந்தப் பக்கம் பெரிய ஓட்டல் நின்றது. நடு வாரம், கூட்டம் இல்லை, ஜன்னல்கள் எல்லாம் இருட்டு. ஒன்றில் மட்டும் வெளிச்சம். அந்த ஜன்னலில் ஒரு குழந்தை, கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு, வாயால் ஊதி ஆவி பிடிக்க வைத்து, அதில் விரலால் வட்டம் வட்டமாக வரைந்துகொண்டிருந்தது. பஸ் ஜன்னலில் மமதா வரையும். ராட்டினம் என்று சொல்லும்.

"அக்கா அங்கதான் இருக்கா" என்றான் ஷ்ரேயாஸ், கண்ணைத் திறக்காமல். "உன்னை வரச் சொன்னா."

"உன்னை?"

"என்னை வேணாம்னுட்டா."

சொல்லிவிட்டுத் தூங்கிப்போனான். ஷோபா அவன் முதுகில் கை வைத்தாள். சூடாக, மூச்சோடு, ஏறி இறங்கிக்கொண்டிருந்தது முதுகு. இது உன் பிள்ளை, இது உயிரோடு இருக்கிற பிள்ளை, எங்கேயும் நகராதே என்று அவளுக்கு அவளே சொல்லிக்கொண்டாள். அம்புஜம் அக்கா சொன்ன வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அங்கே ஜன்னலில் அந்தக் குழந்தை வரைவதை நிறுத்திவிட்டு, கையை உயர்த்தி, வா என்று கூப்பிட்டது.

எந்தப் பெற்ற வயிறு தாங்கும்?

ஒரு எட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடலாம். அவர் பார்சல் வாங்கி வருவதற்குள் திரும்பிவிடலாம். பிள்ளைக்குப் போர்வையை இழுத்துவிட்டு, தலையணைகளை இரண்டு பக்கமும் அணை கொடுத்தாள். மேஜை மேல் இருந்த தங்கப் பட்டையை எடுத்தாள். குழந்தை அளவுப் பட்டை, அவள் கையில் எங்கே நுழையப்போகிறது? நுழைந்தது. அவளுக்கென்றே அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது. கதவை வெளியே பூட்டினாள். சாவியை முந்தானையில் முடிய நினைத்து, சுடிதார் போட்டிருப்பது ஞாபகம் வந்து, உள்ளங்கையில் பிடித்துக்கொண்டாள்.

பூட்டியிருக்க வேண்டிய கேட் திறந்து கிடந்தது, மூடிய பார்க்கின் வழியாக நடந்தாள். குளோரின் நெடி மூக்கில் ஏறியது. வடிந்துபோன குளத்தின் அடியில் எங்கோ தண்ணீர் சொட்டுகிற சத்தம் அவள் நடைக்குத் தகுந்த மாதிரி வந்துகொண்டிருந்தது, அவள் நின்றால் அதுவும் நின்றது. அரக்கு நிறச் சுடிதாரின் துப்பட்டா ஏதோ கம்பியில் மாட்டி இழுத்தது. திரும்பிப் பார்க்காமல் உருவிக்கொண்டு நடந்தாள்.

பெரிய ஓட்டல் வாசலில் செக்யூரிட்டி அவள் மணிக்கட்டைப் பார்த்துக் கதவைத் திறந்துவிட்டான். "பர்ரி மேடம், வாங்க" என்றான். "பாப்பா எப்பவோ மேல போயிட்டா. நீங்கதான் லேட்."

லிஃப்ட் ஏறியது. எவ்வளவு உசத்தியான லிஃப்டாக இருந்தாலும் ஏறும்போது ஒரு முனகல் முனகும் என்று ரவிக்குமார் சொல்வார். இது முனகவில்லை. ஏறுகிறதா இறங்குகிறதா என்றே தெரியவில்லை.

வராந்தாவில் மெத்தென்று கம்பளம். அவள் காலடி அவளுக்கே கேட்கவில்லை. முதலில் ரோஜா வாசனை வந்தது. போகப் போக அது டெட்டால் வாசனையாக மாறியது. கடைசிக் கதவுக்கு முன்னால் இளநீர் வாசனை, பிளாஸ்டிக் டம்ளரில் ஊற்றி வைத்து யாரும் குடிக்காமல் புளித்துப்போன இளநீர். கதவு திறந்திருந்தது.

கட்டிலில் மமதா உட்கார்ந்திருந்தது. நீலப்பூப் போட்ட நைட்டி. புறங்கையில் ஊசி குத்தி ஒட்டிய பிளாஸ்திரி.

"வந்துட்டியாம்மா."

ஷோபா போய்க் கட்டிக்கொண்டாள். தேம்பித் தேம்பி அழுதாள். உடம்பு அனலாகக் கொதித்தது, அது அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. சூடு இருந்தால் உயிர் இருக்கிறது என்றுதானே அர்த்தம். தலைமுடியில் முகத்தைப் புதைத்தாள். என் கண்ணே, என் ராஜாத்தி, உன்னை எவ்வளவு நாள் காக்க வைத்துவிட்டேன் என்று அரற்றினாள். மமதா அவள் முதுகைத் தட்டிக் கொடுத்தது, பெரிய மனுஷி மாதிரி.

"இங்க வாம்மா. இங்கிருந்து எல்லாம் தெரியுது."

கையைப் பிடித்து ஜன்னலுக்குக் கூட்டிப்போனது. ராட்டினம் தெரியவில்லை. மதிலும், மதிலுக்கு அந்தப் பக்கம் சின்ன லாட்ஜும், அதில் வெளிச்சமாக ஒரு ரூமும் தெரிந்தது. அவர்களுடைய ரூம்.

ரவிக்குமார் வந்துவிட்டிருந்தார். கட்டிலில் பேப்பரை விரித்துப் பார்சலைப் பிரித்துக்கொண்டிருந்தார். பூட்டை எப்படித் திறந்தார்? சாவி இவள் கையில். உள்ளங்கையைத் திறந்து பார்த்தாள். அழுத்தின தடம் இருந்தது. சாவி இல்லை.

ஷ்ரேயாஸ் எழுந்து உட்கார்ந்திருந்தான். எதிரே ஒரு பெண். முதுகு மட்டும் தெரிந்தது. அரக்குச் சுடிதார். துப்பட்டாவின் ஓரம் கிழிந்திருந்தது. சப்பாத்தியைச் சின்னச் சின்னதாகப் பிய்த்து, ஊதி, அவன் வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். மணிக்கட்டில் மஞ்சள் பட்டை.

ஷோபா தன் கையைப் பார்த்தாள். தங்கம் மட்டும்.

"ஷ்ரேயாஸ்."

குரல் எழவில்லை. மறுபடி கூப்பிட்டாள். கண்ணாடியை அறைந்தாள். அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

பிள்ளை மெல்லுவதை நிறுத்தினான். தலையைத் தூக்கினான். மிரண்ட முகத்தோடு ஜன்னல் பக்கம் கையைக் காட்டி ஏதோ சொன்னான். ரவிக்குமார் நிமிர்ந்து பார்த்தார். அவருக்கு எதுவும் தெரியவில்லை.

அந்தப் பெண் எழுந்தாள். ஜன்னலுக்கு வந்தாள்.

ஷோபாவின் முகம்தான். அழுது ஓய்ந்த, களைத்த, நல்ல முகம். அவளுக்கும் பயம். பிள்ளைக்காகப் பயம். ஒரு கையால் திரைச்சீலையைப் பிடித்துக்கொண்டு, பெரிய ஓட்டலின் வெளிச்ச ஜன்னலை நேராகப் பார்த்து, உதட்டை மெல்ல அசைத்தாள்.

நாளைக்கு வா.

திரை மூடியது.

ஷோபா கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றாள். மூச்சு பட்டும் கண்ணாடியில் ஆவி பிடிக்கவில்லை. அவள் கைக்குள் இருந்த சின்னக் கையின் சூடு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டிருந்தது.

"காய்ச்சல் விட்டுடுச்சும்மா" என்றது மமதா சந்தோஷமாக. "தொட்டுப் பாரேன்."

எதிரே சின்ன லாட்ஜில் விளக்கு அணைந்தது.