கருவாட்டு மணம் இல்லாத குடோன்

மார்த்தாண்டத்தில் நேசம்மாளின் அலுவலக மேசை மீது ஒரு பெட்டிக் கையுறைகளைக் கொட்டினாள் ஸ்மிதா. ஒன்றை எடுத்து இழுத்தாள். மணிக்கட்டு மடிப்பில் அது வாய் பிளந்தது.

“ஆஸ்பத்திரியில எல்லாம் இப்படித்தான் கிழியுதாம். ஆர்டரை ரத்து பண்ணப் போறாங்க. அது போனா கம்பெனியைப் பூட்ட வேண்டியதுதான் அக்கா.”

மஸ்கட்டில் பார்த்த நர்ஸ் வேலையை விட்டுவந்து, குலசேகரத்தில் கையுறை ஆலை தொடங்கியவள் அவள். கையுறை கிழிந்தால் உள்ளே இருப்பது ஒரு நர்ஸின் கை என்பது அவளுக்குத் தெரியும். அதனால்தான் முந்தின நாள் ஆத்திரம் தாங்காமல், ரப்பர் பால் கொடுக்கும் அனில்குமாரைத் தொழிலாளர்கள் முன்னிலையில் கலப்படக்காரன் என்று ஏசித் துரத்தியிருந்தாள்.

“அவனேதான் மேடம்!” என்றான் நேசம்மாளின் உதவியாளன் சிஜின்.

மருத்துவக் கருவி ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்று, இப்போது இப்படிப்பட்ட புகார்களை விசாரித்துக் கொடுக்கும் நேசம்மாள் அவசரப்படவில்லை. “முதல்ல ஆலையைப் பாப்போம் மக்கா.”

ஆலையில் ஒவ்வொரு தொகுப்பிலும் ஒரு பெட்டியை மாதிரிக்காக எடுத்து வைப்பார்கள். கிழிந்த கையுறைகளின் தொகுப்பிலிருந்து அப்படி வைத்த ஒன்றை எடுத்து, நேசம்மாள் தண்ணீர் நிரப்பித் தொங்கவிட்டாள். ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை.

“பால் நல்ல பால்தான். ஆலையை விட்டுப் போன பிறகுதான் கெட்டிருக்கு.”

“அப்போ டீலர் பெட்டியை மாத்திட்டான்!” சிஜின் கட்சி மாறினான்.

“திரும்பி வந்த பெட்டிகள்ல கம்பெனி சீல் அப்படியே இருக்கே,” என்றாள் நேசம்மாள்.

மறுநாள், ஆலைச் சரக்கை வாங்கி வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொடுக்கும் டீலர் ஜெபிஷின் குளச்சல் குடோனுக்குப் போனார்கள். நேசம்மாள் கேட்டுக்கொண்டதால் மருத்துவமனையின் கொள்முதல் அதிகாரியும் வந்திருந்தார். வழியின் இருபுறமும் கருவாடு காய்ந்தது. முந்தானையால் மூக்கைப் பொத்தியபடி நடந்த ஸ்மிதா, உள்ளே நுழைந்ததும் கையை எடுத்துவிட்டாள்.

“மழை வராது, வெயில் வராது, எலிகூட வராது,” என்றான் ஜெபிஷ்.

நேசம்மாள் வேறொரு கம்பெனியின் பெட்டியைப் பிரித்தாள். அந்தக் கையுறையும் மடிப்பில் கிழிந்தது. அலமாரியில் பில் கட்டைச் சுற்றியிருந்த ரப்பர் பேண்டைத் தொட்டாள். துண்டு துண்டாய் உதிர்ந்தது. அலமாரி மேல் ஒரு சின்ன இயந்திரம் நீல விளக்கோடு முனகிக்கொண்டிருந்தது.

“ஸ்மிதா, மூக்கிலேர்ந்து முந்தானையை ஏன் எடுத்தே?”

“இங்க நாத்தம் இல்லியேக்கா.”

“வெளியே முழுக்கக் கருவாடு. உள்ளே மட்டும் அந்த மணம் எங்க போச்சு?”

ஜெபிஷ் நிமிர்ந்து பார்த்தான். “அந்த மெஷின் எடுத்துரும். பெட்டியெல்லாம் கருவாடு நாறுதுன்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்க. அண்ணன் துபாயிலேர்ந்து கொண்டுவந்தான்.”

“அது ஓசோன் விடுற மெஷின் தம்பி. நாத்தத்தைக் கொல்லும், ரப்பரையும் தின்னும். அட்டைப்பெட்டி அதைத் தடுக்காது. மடிப்பில ரப்பர் இழுபட்டு நிக்கும், அதனால அங்கதான் முதல்ல வெடிக்கும். ஆலையில வச்சிருந்த பெட்டிக்கு ஒண்ணும் ஆகல. இங்க இருந்த வேற கம்பெனி கையுறையும் போச்சு, ரப்பர் பேண்டும் போச்சு. அதுக்கெல்லாம் அனில்குமாரா பால் குடுத்தான்?”

ஜெபிஷ் பாய்ந்து போய் சுவிட்சை அணைத்தான். “தெரியாமப் போச்சு. கெட்டதுக்கு முழுப் பொறுப்பும் நான்தான்.”

ஸ்மிதா ஆலையிலிருந்து கொண்டுவந்த கையுறையை அதிகாரி தன் கையில் மாட்டி, விரல் விரலாக இழுத்துப் பார்த்தார். அது கிழியவில்லை. “ஆர்டர் ரத்தில்ல. புது சரக்கை நேரா எங்க ஸ்டோருக்கே அனுப்புங்க.”

சிஜின் கைதட்டியேவிட்டான். ஸ்மிதாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. ஆனால் அவள் நிற்கவில்லை. காரிலேயே போன் செய்து அனில்குமாரை ஆலைக்கு வரச் சொன்னாள்.

தொழிலாளர்கள் சுற்றி நின்றார்கள். “எல்லாரு முன்னாலயும் உங்களைக் கலப்படக்காரன்னு சொன்னேன். எல்லாரு முன்னாலயும் மன்னிப்பு கேக்கேன். தப்பு எனக்கதுதான்.”

 அனில்குமார் வாசலைக் காட்டினான்.

“பால் வண்டியில இருக்கு. எங்க இறக்கணும்?”

“தொட்டியில இறக்குங்க! மெஷினைப் போடுங்க!” என்று ஸ்மிதா கத்தினாள். பால் இறங்கியதும், கையுறை வார்க்கும் அச்சுக்கைகள் வரிசை வரிசையாய் வெண்பாலில் முங்கி, விரல்களை விரித்தபடி மேலே எழுந்தன.