இருபதாவது வித்தையின் மேல்பாதி

முதல் பத்தொன்பது வித்தைகளிலும் ‘உதவியாளர்’ என்று ஒரு வரி இருந்தது. அதற்கு நேரே ஒருவர், இருவர், சேலைக்குள் புறாவை ஒளித்து வைக்க ஒரு பெண் என்று ஏதாவது எழுதியிருந்தது. இருபதாவது வித்தைக்கு நேரே மட்டும், ‘ஆள் வேண்டாம். தானே வந்துகொள்ளும்’ என்று இருந்தது. ஜெஸி சிவப்புப் பேனாவால் அதன் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டாள். எது வந்துகொள்ளும்? ரத்தம் வராமல் நாக்கை அறுத்துக் காட்டுவார்கள், ஆனால் ஒரு வாக்கியத்தை உருப்படியாக எழுதி முடிக்க மாட்டார்கள் இந்த மேஜிக்காரர்கள். பதினோரு வருஷமாக இப்படித் திட்டிக்கொண்டேதான் அவள் பிழை திருத்துகிறாள்.

ஹர்த்தால் நாள், ஊர் முழுக்கக் கடையடைப்பு. காலை பதினொரு மணிக்கு ஸ்ரீவராகத்துத் தெருவில் ஒரு ஸ்கூட்டர் சத்தம்கூட இல்லை. பள்ளிக்கு லீவு, கணவன் ஷார்ஜாவில், ஏழு வயதுப் பிள்ளையை வீட்டில் தனியே விட்டுவர முடியுமா? கரமனையிலிருந்து ஜினுவைக் கைபிடித்து நடத்தியே கூட்டி வந்துவிட்டாள். முன்னறையில் பழைய அட்டைப் படங்களின் பின்பக்கத்தில் ஜினு கலர் பென்சிலால் கிறுக்கிக்கொண்டிருந்தாள். புத்தகம் நாளைக் காலை அச்சுக்குப் போக வேண்டும். பதிப்பக முதலாளி வேலப்பன் சார் வித்துராவில் வீட்டோடு மாட்டிக்கொண்டிருந்தார். நேற்றே சாவியைக் கொடுத்து, “லாஸ்ட் ஐட்டம் மாத்திரம் செய்து நோக்கிட்டு கையொப்பு இட்டாப் போதும் ஜெஸீ, கேட்டோ” என்று சொல்லியிருந்தார்.

வேலப்பன் பதிப்பகம் மேஜிக் புத்தகங்களைத் தவிர வேறெதையும் போடுவதில்லை. சீட்டு, நாணயம், கயிறு, பெட்டி, இவ்வளவுதான். அங்கே இரண்டு வழக்கங்கள் உண்டு. வித்தை தெரியாத ஒருவர், எழுதியிருப்பதை மட்டும் பார்த்து அதைச் செய்ய வேண்டும். செய்தபின் ‘செய்து பார்த்தேன்’ என்று எழுதிக் கையெழுத்து வைத்தால்தான் பக்கம் அச்சுக்குப் போகும். இன்னொன்று சாரின் பயத்தில் பிறந்தது. ஒருமுறை ஒரு ரகசியம் புத்தகமாக வருவதற்கு முன்பே யூடியூபில் வந்துவிட்டது. அன்றிலிருந்து ரகசியம் உள்ள தாளைக் கத்தியால் குறுக்கே வெட்டி, மேல்பாதியை ஜெஸிக்கும் கீழ்பாதியைப் பாறசாலையில் இருக்கும் இன்னொரு பிழைதிருத்துநர் ஞானையனுக்கும் தருவார். அவரவர் பாதியை அவரவர் செய்து பார்ப்பார்கள். முட்டையை மறையச் செய்வது அவள் வேலை, அதைத் திரும்ப வரவழைப்பது அவர் வேலை. அதில் என்ன வந்துவிடப் போகிறது? ஹர்த்தால் முடிந்து ஆறு மணிக்கு மேல் ஞானையன் வந்து இதன் கீழ்பாதியைச் செய்வதாகப் பேச்சு.

பின்னறையில் அந்த இரண்டு பெட்டிகளும் எதிரெதிராக நின்றன. ஆளுயரம், அயனி மரம், உள்ளே கறுப்புக் கம்பளித் துணி, கண்மட்டத்தில் உள்ளங்கை அகலத்தில் ஒரு பித்தளை வலை. கையெழுத்துப் பிரதியோடு இவற்றையும் கொண்டுவந்து கொடுத்தவள் மாடம்மாள், இதை எழுதிவிட்டுச் செத்துப்போன மேஜிக்காரர் புரொபசர் லிங்கத்தின் மனைவி. காசைக்கூட எண்ணிப் பார்க்காமல், இடப்பக்கப் பெட்டியைத் தடவிக்கொண்டே நின்றாள். “இவரு செத்ததுக்கு நான் அழல்லே பிள்ளே. நான் கெட்டின ஆளு போயி இருபது வருஷமாச்சு” என்றாள். குடிகாரப் புருஷனைப் பற்றி எல்லாப் பெண்களும் சொல்வதுதானே என்று ஜெஸி அப்போது நினைத்தாள்.

இடப்பக்கப் பெட்டியின் உள்கைப்பிடியை மூன்று தடவை திருகிப் பார்த்தாள். நன்றாகத் திறந்தது. அவளும் லேசுப்பட்டவள் இல்லை. ஃபோனையும் மேல்பாதித் தாளையும் எடுத்துக்கொண்டு உள்ளே ஏறிக் கதவைச் சாத்தினாள்.

மழைக்கால அலமாரியின் வாடை. அதற்கு அடியில், லேசாக, பீடி வாடை. ஃபோன் வெளிச்சத்தில் தாளை வாசித்தாள். உள்ளே பேசுவது வெளியே கேட்காது, தட்டு மட்டுமே கேட்கும் என்று எழுதியிருந்தது. தன் முழுப் பெயரை ஒருமுறை சொல்ல வேண்டும். “ஜெஸி கிரேஸ்லின்” என்றாள். கம்பளித் துணி அந்தப் பெயரை அப்படியே குடித்துவிட்டது. பிறகு மூன்று முறை தட்ட வேண்டும். தட்டினாள். ‘எதிர்ப் பெட்டியிலிருந்து மூன்று தட்டு வரும். வந்ததும்’ என்பதோடு தாள் முடிந்தது. அதற்குக் கீழே கத்தி போன கோடுதான்.

எதிர்ப் பெட்டியில் மூன்று தட்டுக் கேட்டது.

ஜெஸிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கழுதை, எப்போது வந்து ஏறினாள்? வீட்டில் குளியலறைக் கதவிலும் இப்படித்தான், அம்மா உள்ளே போனால் வெளியே நின்று தட்டிக்கொண்டே இருப்பாள். பதிலுக்குத் தட்டாவிட்டால் அழுகை. ஜெஸி பதிலுக்கு மூன்று தட்டுத் தட்டினாள்.

அப்போது முன்னறையிலிருந்து ஜினு பாடும் சத்தம் கேட்டது. பள்ளிப் பாட்டு, அதே பாதி வரி திரும்பத் திரும்ப. நடுவில் ஒரு கலர் பென்சில் தரையில் விழுந்து உருண்டது. பிள்ளை முன்னறையில்தான் இருந்தாள். இருந்த இடத்தை விட்டு எழவே இல்லை.

கைப்பிடியைப் பிடிக்கக் கையை நீட்டினாள். கைப்பிடி இருந்த இடத்தில் மொட்டைப் பலகை. மேலே தடவினாள், கீழே தடவினாள், ஃபோன் வெளிச்சத்தைக் கதவோடு ஒட்டிப் பிடித்துப் பார்த்தாள். கைப்பிடி இல்லை. துணி மேலிருந்து கீழாகக் கிழிந்திருந்த இடத்தில் மரத்தை நகத்தால் சுரண்டிச் சுரண்டி ஏதோ எழுதியிருந்தது. மாடம்மா. அதற்குக் கீழே மாடம்மா. அதற்குக் கீழேயும். கண்மட்டத்திலிருந்து முழங்கால் வரை, எழுதியவன் நிற்க முடியாமல் மெல்ல மெல்ல உட்கார்ந்துபோனது போல, அந்த ஒரே பெயர்.

கர்த்தாவே. நான் கெட்டின ஆளு போயி இருபது வருஷமாச்சு.

ஞானையனை அழைத்தாள். நாலாவது மணியில் எடுத்தார்.

“அண்ணாச்சி, அந்த இருபதாவதுக்கக் கீழ்பாதி, முதல் வரி என்னவாக்கும்? சீக்கிரம் வாசியுங்கோ!”

“என்ன பிள்ளே, மூச்சு வாங்குது? பொறு, கண்ணாடிய எடுக்கட்டு.” தாள் புரளும் சத்தம். “ஆங். ‘பதிலுக்குத் தட்டாமல் உடனே வெளியே வந்துவிடவும். எத்தனை தட்டானாலும் அது பதில்தான். தட்டியவர் உள்ளே, வந்தது வெளியே.’ இதென்ன எழவு, ஒண்ணும் மனசிலாவல்லியே.”

“நான் தட்டிட்டேன் அண்ணாச்சி. கதவு தொறக்க மாட்டேங்குது. ஜினு வெளிய தனியா இருக்கா. யாரையாவது அனுப்புங்கோ, பக்கத்து வீட்டுக்கு, போலீசுக்கு, யாருக்காவது…”

“நீ பயப்படாத பிள்ளே, நான் இப்பமே…” அவர் நிறுத்தினார். “இரு. உனக்க நம்பர்ல இருந்து இன்னொரு கால் வருதே.”

“எடுக்காதீங்கோ!”

எடுத்துவிட்டார். அவள் காதில் இணைப்பு போனது. திரையில் சிக்னல் கோடுகள் ஒன்றுகூட இல்லை.

வலையில் கண்ணை வைத்தாள். எதிர்ப் பெட்டியின் கதவு திறந்திருந்தது. அதன் முன்னால் முதுகைக் காட்டி ஒருத்தி நின்றாள். ஜெஸியின் நீலச் சுடிதார். தோளில் ஜெஸி காலையில் குத்திய ஊக்கு. காதில் ஃபோன்.

“ஒண்ணும் இல்ல அண்ணாச்சி, சும்மா வெளையாடினேன். நீங்க வரவே வேண்டாம். எல்லாம் சரியாக்கும்.”

ஜெஸியின் குரல். ஜெஸி கத்தினாள். தொண்டை கிழியக் கத்தினாள். வெளியே நின்றவள் திரும்பவில்லை. மேஜைக்குப் போனாள், சிவப்புப் பேனாவை எடுத்தாள், பிரதியில் ‘செய்து பார்த்தேன்’ என்று எழுதி ஜெஸியின் கையெழுத்தைப் போட்டாள். ஜெஸி இரண்டு கையாலும் கதவை அறைந்தாள்.

“அம்மே, வேல கழிஞ்சோ?” வாசலில் ஜினு. கையில் பச்சைப் பென்சில். “அதாரு தட்டுது?”

“எலியாக்கும் மக்களே.”

ஜினு அவளை நிமிர்ந்து பார்த்தாள். ஒரு கணம். ஜெஸி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். கண்டுபிடிச்சிரு மக்களே, ஓடிரு, உன் அம்மா இங்க இருக்கேன். ஜினு அந்த நீலச் சுடிதாரில் முகத்தைப் புதைத்து, “எனிக்கு விசக்குது” என்றாள்.

“சாப்பிடலாம். அதுக்கு முன்ன ஒரு மேஜிக் காட்டட்டா?” அது குனிந்து ஜினுவின் தலையைத் தடவியது. அம்மா தடவுவது போலவே, நெற்றியிலிருந்து பின்னுக்கு. “இந்தப் பெட்டிக்குள்ள கேறு. கதவைச் சாத்துவேன். உனக்க முழுப் பேரைச் சொல்லிட்டு மூணு தட்டுத் தட்டணும். பதிலுக்கு மூணு தட்டு வரும். நீயும் உடனே தட்டிரணும். கேட்டியா?”

“ஆரு தட்டும்?”

“வரும்.”

ஜினு சிரித்துக்கொண்டே எதிர்ப் பெட்டிக்குள் ஏறினாள். அது கதவைச் சாத்தியது.

கதவை அறைய ஓங்கிய ஜெஸியின் கைகள் பாதியில் நின்றன. எத்தனை தட்டானாலும் அது பதில்தான். ஒரு விரல்கூட மரத்தில் படக் கூடாது. துப்பட்டாவை வாய்க்குள் திணித்தாள். கைகளை அக்குளில் இறுக்கினாள். முழங்கால் கதவில் இடித்துவிடாமல் பின்னால் சாய்ந்தாள். பதில் வராவிட்டால் பிள்ளைக்குச் சலித்துப்போகும். அவளுக்கு எதுவும் இரண்டு நிமிஷம்தான். கதவைத் திறந்து வெளியே வந்துவிடுவாள். பசிக்கிறது என்பாள். அது போதும். தான் இங்கேயே செத்தாலும் போதும்.

எதிர்ப் பெட்டியிலிருந்து மூன்று தட்டு. சின்ன விரல்கள்.

ஜெஸி அசையவில்லை.

வெளியே நின்றது இந்தப் பக்கம் திரும்பியது. வலையின் வழியாக நேராக அவள் கண்ணைப் பார்த்தது. அதற்கு ஒரு அவசரமும் இல்லை.

கண்ணீர் துப்பட்டாவில் இறங்கியது. மூச்சுக்கூட விடவில்லை. ஒரு நிமிஷம். இறங்கிவிடு மக்களே. இன்னொரு நிமிஷம். எதிர்ப் பெட்டிக்குள் கைப்பிடி மெல்லத் திரும்பும் சத்தம் கேட்டது. இறங்கப் போகிறாள். இறங்கப் போகிறாள்.

பீடி வாடை.

கழுத்துக்குப் பின்னால், ஒரு ஆள் நிற்க இடமே இல்லாத இடத்தில், யாரோ மூச்சை இழுத்தார்கள்.

அவள் தோளுக்கு மேலாக ஒரு கை நீண்டது. நகமில்லாத விரல்கள். கதவில் மூன்று தட்டு.

எதிர்ப் பெட்டியில் கைப்பிடி நின்றது. பிறகு அங்கே, சந்தோஷமாக, சின்ன விரல்கள் தட்டத் தொடங்கின.

ஒன்று.