மண்ணுக்குள் காய்ப்பது

தம்பி காட்டிலிருந்து கொண்டுவந்த கொடியை அவள் மேசையின் நடுவில்தான் வைத்திருந்தாள். முகம் கழுவிவிட்டு வந்து பார்த்தால், அதன் நுனி மேசைக்காலைச் சுற்றிக்கொண்டு கிடந்தது. தாவர ஆய்வுக்கூடத்தில் பகல் முழுக்கக் காய்ந்த இலைகளுக்குப் பெயர் எழுதிக் கண் பூத்துப்போயிருந்தது. நாம்தான் அப்படி வைத்திருப்போம் என்று எண்ணி உட்கார்ந்தாள். வீட்டுக்கு வந்தாலும் அதே பிழைப்பு.

உள்ளறையில் தம்பி முனகினான். காட்டில் எல்லை அளக்கப் போன இடத்தில், பசிக்கு இந்தக் கொடியின் காயைத் தின்றுவிட்டு வந்து காய்ச்சலில் கிடக்கிறான். என்ன செடி என்று தெரிந்தால்தான் மருந்து என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

"கண்டதையும் வாயில போடுவியா? கழுதை வயசாச்சு!"

"அவரைக்காய் மாதிரி இருந்துச்சுக்கா."

"அவரை இனம்தான். அதுக்காக?"

லென்ஸை எடுத்தாள். ஒரு காம்புக்கு மூன்று இலை. வெளிறிய ஊதாப் பூ. நம் காட்டுக்கொடிதான், ஆனால் இந்தச் சாயலில் இரண்டு உண்டு. ஒன்று சாது. மற்றது ஆளையே முடித்துவிடும்; அது கொடியில் காய்ப்பது போதாதென்று மண்ணுக்குள்ளும் காய்க்கும், உருண்டையாக, ஒற்றை விதையோடு, மேலெல்லாம் வெள்ளை மயிரோடு. அடிப்பக்கம் இருந்தால் ஒரு நொடியில் சொல்லிவிடலாம்.

"வேரோட பிடுங்கிட்டு வந்திருக்கக் கூடாதா?"

"இழுத்துப் பார்த்தேன்க்கா. முடிவே இல்லாம வந்துட்டே இருந்துச்சு."

வாய் நிறைய எதையோ அடக்கிக்கொண்டு பேசுவதுபோல் இருந்தது அவன் குரல். ஜன்னல்களையெல்லாம் சாத்தியிருந்தும், மழையில் ஊறிய காட்டுமண்ணின் வாடை வீடு முழுக்கப் பரவிக்கொண்டிருந்தது. வெளியிலிருந்து அல்ல, உள்ளறையிலிருந்து. இவனுக்கு ஒன்று ஆகிவிட்டால் தனக்கு யார் இருக்கிறார்கள்?

"அக்கா, லைட்டைப் போடேன்."

எழுந்தாள். உள்ளறைக்குள் போனாள். சுவரைத் தடவினாள். ஸ்விட்ச்.

அறை வெளிச்சமானது. அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். தலையணை ஈரம்.

"போடுக்கா. பயமா இருக்கு."

"போட்டுட்டேன்டா."

"இல்லையே. இருட்டாவே இருக்கே."

தோளைத் தொட்டாள். சில்லென்று. மெல்லத் திருப்பினாள்.

அவன் இமைகளைத் திறந்தான். கண்கள் இருந்த இடத்தில், இரண்டு. உருண்டையாக. மேலெல்லாம் வெள்ளை மயிர்.

"என்ன செடின்னு தெரிஞ்சுதாக்கா?" என்றான்.